முதலில் காற்று, அப்புறம் நெருப்பு: ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு பரிமாண மாடல்

எஞ்சின் சிமுலேஷன் மென்பொருளை முதல்முறை திறக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் ஓடுகிறார்கள்: டார்க் (முறுக்கு விசை) வளைவு. சிலிண்டரை இழுத்துப் போட்டு, இரண்டு பக்கமும் பைப்பை மாட்டி, எரிபொருளைக் கொடுத்து, ரன் அழுத்திவிட்டு, எத்தனை நியூட்டன் மீட்டர் வந்தது என்று பார்க்கிறார்கள். புதிதாக எங்கள் குழுவில் சேருபவர்களோடு உட்காரும்போது நான் முதலில் செய்வது, அந்த எரிபொருளை அணைத்துவிடுவதுதான். ஒரு பரிமாண வாயு ஓட்ட மென்பொருள் அடிப்படையில் காற்றைக் கணக்கிடும் கருவி. காற்று சரியாக உள்ளே போய் வெளியே வந்தால்தான் அதன்மேல் ஏற்றும் எரிப்புக்கு அர்த்தம் இருக்கிறது. அதனால் இங்கேயும் பாதி தூரம் தாண்டும்வரை நெருப்பு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிடி-பவர், ரிக்கார்டோ வேவ், ஏவிஎல் பூஸ்ட், வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த திறமூல ஓப்பன்வாம் என எதை வைத்திருந்தாலும் சரி, மெனுவின் பெயர்கள் மாறும், உள்ளே நடக்கும் வேலை மாறாது. பைப்பை நீளவாக்கில் சிறு சிறு செல்களாக வெட்டி, ஒவ்வொரு செல்லிலும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகிய மூன்றின் கணக்கையும் காலப்படி காலப்படியாகத் தீர்க்கிறது. குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலை, ஒரே வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே அழுத்த அலை பைப்பில் ஓடி, முனையில் மோதித் திரும்பி வருவதை இது அருமையாகப் பிடிக்கும். சிலிண்டருக்குள் காற்று எப்படிச் சுழல்கிறது, தீ எந்தப் பக்கம் பரவுகிறது என்பதெல்லாம் இதற்குத் தெரியாது. அவற்றை நாம்தான் எண்களாகச் சொல்ல வேண்டும்.

மென்பொருளுக்கு முன்னால் ஒரு தாள்

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எஞ்சினைப் பிடித்துக்கொண்டு போவோம். பெட்ரோல், நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், நான்கு வால்வு. போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 86 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86 மி.மீ., கனெக்டிங் ராட் 143 மி.மீ., கம்ப்ரஷன் ரேஷியோ (பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள இடத்துக்கும் உச்சியில் மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம்) 10.5. த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கிறது என்று வைத்து, அதை மாடலிலேயே சேர்க்கப்போவதில்லை. ஏர் ஃபில்டரும் சைலன்சரும் வேண்டாம். முதல் மாடலில் ஒவ்வொரு பாகமும் ஒரு சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். குறைவாக இருந்தால் தேடுவது எளிது.

ஒரு தாளை எடுத்து, இடது பக்கம் அளவின் பெயர், நடுவில் எண், வலது பக்கம் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். வலது பத்தியில் மூன்றே சொற்கள்: அளந்தது, வரைபடம், ஊகம். பின்னால் ஏதாவது ஒத்துவராதபோது நீங்கள் முதலில் கைவைக்க வேண்டியது ஊகம் என்று எழுதியவற்றில்தான். இந்தப் பத்தி இல்லாத மாடலை யாராவது என்னிடம் கொண்டுவந்தால், அதை நிரப்பிக்கொண்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆறு மாதம் கழித்து மாடலில் கிடக்கும் ஒரு 0.62 எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் நினைவிருக்காது.

அதே தாளில் கைக்கணக்காக மூன்று எண்கள். பிஸ்டன் துடைக்கும் கொள்ளளவு 499.6 சிசி. அதை, கம்ப்ரஷன் ரேஷியோவில் ஒன்றைக் கழித்து வரும் 9.5-ஆல் வகுத்தால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் 52.6 சிசி. வெளிக்காற்று 1 பார், 298 கெல்வின் என்றால் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 1.17 கிலோ, சிலிண்டர் முழுக்க நிரம்பினால் ஒரு சுழற்சிக்கு 0.584 கிராம் காற்று. சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்று சொல்லும் வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி, சுருக்கமாக விஇ, 100 சதவீதம் என்றால் இந்த 0.584 கிராம்தான். மென்பொருள் சொல்லும் எந்த விஇ எண்ணையும் இதோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பைப்புகள்

திரையில் வரிசை இப்படி இருக்கும்: வெளிச்சூழல், இன்டேக் ரன்னர் (காற்றை உள்ளே கொண்டுவரும் பைப்), இன்டேக் போர்ட் (ஹெட்டுக்குள் வால்வு வரை உள்ள பாதை), இன்டேக் வால்வு, சிலிண்டர், எக்ஸாஸ்ட் வால்வு, எக்ஸாஸ்ட் போர்ட், எக்ஸாஸ்ட் பைப், மறுபடியும் வெளிச்சூழல். சிலிண்டர் தனியாக கிராங்க் பாகத்தோடு இணையும். இன்டேக் ரன்னருக்கு 42 மி.மீ. விட்டம், 400 மி.மீ. நீளம், போர்ட்டுக்கு அதே விட்டம், 80 மி.மீ. நீளம். எக்ஸாஸ்ட் போர்ட் 36 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம், அடுத்த பைப் 38 மி.மீ. விட்டம், 700 மி.மீ. நீளம்.

நீளத்தைப் பைப்பின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். வளைந்த ரன்னரின் உள்வளைவில் அளவுநாடாவை ஓட்டினால் 20, 30 மி.மீ. காணாமல் போகும், அலை திரும்பிவரும் நேரமும் அதோடு சேர்ந்து மாறும். விட்டம் மாறிக்கொண்டே போகும் பைப் என்றால் இரண்டு முனைகளின் விட்டத்தையும் கொடுங்கள், சராசரி எடுத்து ஒன்றாக்க வேண்டாம்.

செல் நீளத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு, இன்டேக் பக்கம் போர் விட்டத்தில் 0.4 மடங்கு, எக்ஸாஸ்ட் பக்கம் 0.55 மடங்கு. நம் எஞ்சினுக்கு 34, 47 மி.மீ. ஏன் இரண்டு அளவு? 300 கெல்வின் காற்றில் ஒலி நொடிக்கு 347 மீட்டர் ஓடுகிறது, 1000 கெல்வின் எக்ஸாஸ்ட் வாயுவில் ஏறக்குறைய 620 மீட்டர். வேகம் கூடினால் அதே அலை நீளமாக விரிகிறது, அதைப் பிடிக்கப் பெரிய செல்லே போதும். செல்லைச் சும்மா பொடிப்பொடியாக்கிவிடலாமே என்று தோன்றும். கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூவி மூவரும் 1928-இல் காட்டிய நிபந்தனை இங்கே குறுக்கே நிற்கிறது: ஒரு காலப்படியில் அலை ஒரு செல்லுக்குமேல் தாண்டக் கூடாது. 34 மி.மீ. செல்லில் ஒலியும் ஓட்டமும் சேர்ந்து நொடிக்கு 400 மீட்டர் என்றால், கடக்க 85 மைக்ரோ நொடி. 3000 ஆர்பிஎம்மில் அது கிராங்கின் ஒன்றரை டிகிரி. செல்லைப் பாதியாக்கினால் காலப்படியும் பாதியாகும், செல் எண்ணிக்கையும் இரட்டிக்கும். கணக்கு நேரம் நான்கு மடங்கு. ஒரே ஒருமுறை பாதியாக்கி ஓட்டிப் பாருங்கள். விஇ அரை சதவீதத்துக்குள் நின்றால் பழைய செல்லே போதும்.

போர்ட்டில் ஒரு நுணுக்கம். சுவர் உராய்வைப் போர்ட்டுக்கு மட்டும் பூஜ்ஜியமாக்குங்கள். வால்வுக்கு நாம் கொடுக்கப்போகும் ஓட்டக் குணகம் (திறந்த அளவுக்கு வால்வு எவ்வளவு காற்றை விடுகிறது என்ற எண்) ஃப்ளோ பெஞ்சில், அதாவது ஹெட் வழியே காற்றை ஓட்டி அளக்கும் கருவியில், போர்ட்டோடு சேர்த்து அளக்கப்பட்டது. போர்ட்டின் இழப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. உராய்வையும் விட்டுவைத்தால் ஒரே இழப்பை இரண்டுமுறை கழிக்கிறோம். ஆனால் போர்ட்டில் வெப்பப் பரிமாற்றத்தைக் கூட்டி, 1.5 என்ற பெருக்கியில் தொடங்குங்கள். வால்வை ஒட்டி ஓட்டம் கொந்தளிப்பதால் நேர் பைப்பின் சூத்திரம் அங்கே குறைத்துக் காட்டும்.

வால்வு: இங்கே அவசரப்படாதீர்கள்

இந்த மாடலில் உங்கள் நேரத்தை எங்காவது கொட்ட வேண்டும் என்றால் அது இங்கேதான். எஞ்சின் மூச்சுவிடுவது இந்தச் சிறு இடைவெளி வழியாக. இதில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன: எப்போது திறக்கிறது, எவ்வளவு திறக்கிறது, திறந்த அளவுக்கு எவ்வளவு விடுகிறது.

எப்போது என்பதற்கு முதலில் பூஜ்ஜியம் எங்கே என்று தெரிய வேண்டும். பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம் டிடிசி, அடியில் நிற்கும் இடம் பிடிசி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் 720 டிகிரிக்குள் டிடிசி இரண்டு முறை வரும். எரிப்பு நடக்கும் டிடிசியைப் பூஜ்ஜியமாக எடுத்தால், காற்று மாறும் டிடிசி 360. நம் இன்டேக் வால்வு அந்த டிடிசிக்கு 10 டிகிரி முன்னால் திறந்து, பிடிசிக்கு 50 டிகிரி பின்னால் மூடுகிறது: 350, 590. எக்ஸாஸ்ட் வால்வு பிடிசிக்கு 50 முன்னால் திறந்து, டிடிசிக்கு 10 பின்னால் மூடுகிறது: 130, 370. உச்ச லிஃப்ட் (வால்வு இருக்கையிலிருந்து எழும் உயரம்) வரும் கோணம் இன்டேக்குக்கு 470, எக்ஸாஸ்டுக்கு 250. இந்த ஆறு எண்களையும் தாளில் ஒரு கோடு போட்டுக் குறியுங்கள். கோட்டில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் 350-இலிருந்து 370 வரை மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். வேறெங்காவது விழுந்தால் டிடிசியில் குழப்பம்.

அடுத்து, கேம் தரவு எந்த டிகிரியில் இருக்கிறது? கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கேமின் 120 டிகிரி, கிராங்கில் 240. லிஃப்ட் கேமில் அளந்ததா, வால்வில் அளந்ததா? நடுவில் ராக்கர் இருந்தால் அதன் விகிதத்தால் பெருக்க வேண்டும். வால்வு இடைவெளியைக் கழித்தாகிவிட்டதா? நம் மாடலில் இன்டேக்குக்கு 0.2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.3. கோணங்கள் எந்த லிஃப்டில் சொல்லப்பட்டவை? கேட்லாக்குகளில் 1 மி.மீ. லிஃப்டில் சொல்வது வழக்கம்; மேலே நான் கொடுத்தவை இடைவெளி போக, வால்வு இருக்கையை விட்டு எழும் கணத்துக்கானவை. 1 மி.மீ. கோணத்தைப் பூஜ்ஜிய லிஃப்ட் என்று போட்டுவிட்டால் வால்வு திறந்திருக்கும் காலம் பல டிகிரி சுருங்கிவிடும்.

இனி ஓட்டக் குணகம். நம் இன்டேக் வால்வு 33 மி.மீ. விட்டம், உச்ச லிஃப்ட் 9.5, எக்ஸாஸ்ட் 28 மி.மீ., உச்ச லிஃப்ட் 9. இரண்டிலும் இரட்டை வால்வு. லிஃப்டை விட்டத்தால் வகுத்து வரும் விகிதத்துக்கு எதிராகக் குணகத்தைக் கொடுக்க வேண்டும். ஃப்ளோ பெஞ்ச் அளவு கையில் இல்லாதவர்களுக்கு நான் கொடுக்கும் தொடக்க எண்கள் இவை: விகிதம் 0.05-க்கு 0.15, 0.10-க்கு 0.28, 0.15-க்கு 0.40, 0.20-க்கு 0.49, 0.25-க்கு 0.55, 0.30-க்கு 0.58. தாளின் வலது பத்தியில் மறக்காமல் ஊகம் என்று எழுதுங்கள்.

இந்தக் குணகம் எந்தப் பரப்பை வைத்துச் சொல்லப்பட்டது என்று கேட்காமல் ஒரு எண்ணையும் உள்ளே போடாதீர்கள். இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, வால்வுத் தலையின் வட்டப் பரப்பு. அது லிஃப்டோடு மாறாது. மற்றொன்று, வால்வின் விளிம்பைச் சுற்றித் திரைச்சீலை மாதிரி விழும் உருளைப் பரப்பு. அது லிஃப்டோடு வளரும். மேலே நான் கொடுத்தவை வட்டப் பரப்பில். விகிதத்தை நான்கால் பெருக்கி, அதனால் வகுத்தால் திரைப் பரப்பின் குணகம் வரும். 0.05 விகிதத்தில் 0.15 என்பது திரைப் பரப்பில் 0.75 ஆகிறது. 0.10 விகிதத்தில் 0.28 என்பது 0.70. 0.25 விகிதத்தில் இரண்டு பரப்பும் சமம், அதனால் 0.55 அப்படியே 0.55.

அந்தக் கடைசி வரியில்தான் ஆபத்து இருக்கிறது. திரைப் பரப்பு எண்களை வட்டப் பரப்பு என்று நினைத்துப் போட்டவரின் மாடல், உச்ச லிஃப்டை ஒட்டி ஏறக்குறைய சரியாகவே நடந்துகொள்ளும். சின்ன லிஃப்டில் மட்டும் வால்வு உண்மையைவிட ஐந்து மடங்கு தாராளமாக விடும். மூடும் நேரத்தில் காற்று பின்னோக்கி வழியும், எக்ஸாஸ்ட் திறந்த கணத்திலேயே சிலிண்டர் சட்டென்று வடியும். உயர் வேகத்தில் ஓரளவு ஒத்துப்போகிறது, கீழ் வேகத்தில் மட்டும் காரணம் தெரியாமல் விலகுகிறது என்றால் நான் முதலில் தேடுவது இதைத்தான். பரப்பு குறிப்பிடாத ஃப்ளோ பெஞ்ச் அறிக்கை வந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு: குணகம் லிஃப்டோடு ஏறினால் வட்டப் பரப்பு, இறங்கினால் திரைப் பரப்பு. அப்படியும் அளந்தவரைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்; எந்த விட்டத்தை எடுத்தார், வால்வுத் தலையின் வெளி விட்டமா, இருக்கையின் உள் விட்டமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வால்வு எண்ணிக்கையை 2 என்று போட மறக்காதீர்கள். பெஞ்சில் இரண்டையும் சேர்த்துத் திறந்து அளந்து, மொத்தப் பரப்பைப் பயன்படுத்தாமல் ஒரு வால்வின் பரப்பால் வகுத்திருந்தால் குணகம் 1-ஐத் தாண்டி நிற்கும். அப்போது எண்ணிக்கை 1 போதும்.

சிலிண்டர்

இது சுருக்கம். போர், ஸ்ட்ரோக், கனெக்டிங் ராட், கம்ப்ரஷன் ரேஷியோ, டிடிசியில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. வெப்ப இழப்புக்கு வோஷ்னி சூத்திரம், 1967-இலிருந்து எஞ்சின்காரர்கள் பயன்படுத்துவது, பெருக்கி 1. எரிப்போடு ஓட்டும்போது சுவர் வெப்பநிலைக்கு என் தொடக்க எண்கள்: ஹெட் 550 கெல்வின், பிஸ்டன் 575, சிலிண்டர் சுவர் 420, எக்ஸாஸ்ட் போர்ட் 550, எக்ஸாஸ்ட் பைப் 750, இன்டேக் போர்ட் 370. ஆனால் இப்போது எரிப்பு இல்லை. அதனால் சிலிண்டரையும் எக்ஸாஸ்ட் பக்கத்தையும் கூலண்ட் சூட்டுக்கு, ஏறக்குறைய 360 கெல்வினுக்கு இறக்கிவையுங்கள். எரியாத எஞ்சினில் 575 கெல்வின் பிஸ்டன் காற்றைத் தேவையில்லாமல் சூடாக்கிக் கணக்கைக் குழப்பும்.

எரிபொருள் இல்லாமல் முதல் ஓட்டம்

வேகத்தை 1000 ஆர்பிஎம்முக்கு வையுங்கள், எரிப்பை அணையுங்கள், 20 சுழற்சி ஓட்டுங்கள். கடைசிச் சுழற்சிகளில் இன்டேக் வழியே போன நிறையும் எக்ஸாஸ்ட் வழியே வந்த நிறையும் சமமாக இருக்க வேண்டும். 0.2 சதவீதத்துக்குமேல் வித்தியாசம் என்றால் இன்னும் நிலைக்கு வரவில்லை, சுழற்சியைக் கூட்டுங்கள்.

இப்போது விஇ. பிடிசிக்குப் பின் 50 டிகிரியில் இன்டேக் வால்வு மூடுகிறது. அதற்குள் பிஸ்டன் மேலேறி, துடைத்த கொள்ளளவில் 13.4 சதவீதத்தைத் திருப்பித் தள்ளியிருக்கிறது. 1000 ஆர்பிஎம்மில் உள்வரும் காற்றுக்கு அதை எதிர்த்து நிற்கும் வேகம் கிடையாது. ஆகவே விஇ 86-க்கு மேல் போக அதிக வழியில்லை. சுவரில் சூடாவதால் அதற்கும் கொஞ்சம் கீழே வரும். 80-க்கும் 86-க்கும் நடுவில் ஓர் எண் வந்தால் வால்வின் நேரம் சரியான இடத்தில் இருக்கிறது. 97 வந்தால் சந்தோஷப்படாதீர்கள், கோணத்தைத் திரும்பப் பாருங்கள்.

அடுத்து சிலிண்டர் அழுத்தம். மூடும் கணத்துக் கொள்ளளவை வைத்துப் பார்த்தால் உண்மையான சுருக்க விகிதம் 10.5 கிடையாது, 9.2. அதை 1.35 அடுக்குக்கு உயர்த்தினால் 20. அப்படியென்றால் உச்ச அழுத்தம் 20 பாரை ஒட்டி வரவேண்டும். அந்த உச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். வெப்பம் சுவருக்குப் போவதால் அது டிடிசிக்குச் சற்று முன்னால், அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரிக்குள் விழ வேண்டும். துல்லியமாக டிடிசியிலேயே விழுந்தால் வெப்ப இழப்பு அணைந்து கிடக்கிறது. டிடிசிக்குப் பின்னால் விழுந்தால் எங்கோ கோணக் கணக்கு இடறியிருக்கிறது. எனக்கு இந்தச் சோதனைமேல் தனிப் பிரியம் உண்டு. ஒரு டிகிரிக்கும் குறைவான நகர்வில் சிலிண்டரின் வெப்பக் கதை முழுக்கத் தெரிகிறது.

அழுத்தத்தையும் கொள்ளளவையும் இரண்டு அச்சும் லாகரிதமாக வரைந்தால் சுருங்கும் பகுதி ஏறக்குறைய நேர்கோடாக வரும், சரிவு 1.3-க்கும் 1.4-க்கும் நடுவே. பின்னால் டெஸ்ட் பெட்டில் (உண்மை எஞ்சினை ஓட்டி அளக்கும் மேடையில்) அளந்த அழுத்தத்தை இதே மாதிரி வரையும்போது, கோடு டிடிசி பக்கம் வளைந்தால் உங்கள் 52.6 சிசி தவறு என்று பொருள். கேஸ்கட் தடிமன் மாறியிருக்கும், பிஸ்டன் கிண்ணத்தின் அளவு மாறியிருக்கும்.

அலை வருகிறதா?

இப்போது 1000-இலிருந்து 6500 வரை 500 ஆர்பிஎம் இடைவெளியில் ஓட்டி விஇ வளைவை வரையுங்கள். இன்னும் எரிபொருள் இல்லை. 5000-ஐ ஒட்டி ஒரு மேடு தெரிய வேண்டும். அது ஏன் அங்கே என்று கையால் சொல்லிவிடலாம்.

பிஸ்டன் வேகமாகக் கீழே இறங்கும்போது போர்ட்டில் அழுத்தம் குறைந்து, அந்தக் குறைவு அலையாக ரன்னரின் திறந்த முனைக்கு ஓடுகிறது. திறந்த முனையில் அது தலைகீழாகி, அழுத்தம் கூடிய அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் வந்து சேர்ந்தால், பிஸ்டன் திருப்பித் தள்ளப் பார்க்கும் காற்றை அது உள்ளேயே அழுத்திவைக்கும். ரன்னரும் போர்ட்டும் சேர்ந்து 480 மி.மீ.; போய்வர 960. நொடிக்கு 345 மீட்டரில் 2.78 மில்லி நொடி. 5000 ஆர்பிஎம்மில் அது 83 டிகிரி. போய்வரும் நேரம் 80, 90 டிகிரிக்கு அருகில் வரும் வேகத்தில் மேடு நிற்கும் என்பது பழகிய கணக்கு.

ரன்னரை 300 மி.மீ. ஆக்குங்கள். மேடு 6300-ஐ நோக்கி நகர வேண்டும். 600 ஆக்குங்கள், 3500 பக்கம் இறங்க வேண்டும். அந்த மேடு நீங்கள் சொன்ன இடத்துக்கு நகர்ந்து போவதைத் திரையில் பார்க்கும் தருணம்தான், என்னைப் பொறுத்தவரை, ஒருவர் இந்த வேலைக்குள் வருகிற தருணம். நீளத்தை மாற்றியும் மேடு நகரவில்லை என்றால், ரன்னருக்கும் வெளிச்சூழலுக்கும் நடுவில் எங்கோ அலையை விழுங்கும் ஓர் இணைப்பு இருக்கிறது, அல்லது பைப்பைத் தெரியாமல் ஒரே செல்லாக விட்டுவிட்டீர்கள்.

அப்புறம் நெருப்பு

சுவர் வெப்பநிலைகளை மறுபடி ஏற்றுங்கள். எக்ஸாஸ்ட் பைப்பின் தொடக்க வெப்பநிலை 800 கெல்வின் இருக்கட்டும், நிலைக்குச் சீக்கிரம் வரும். காற்று-எரிபொருள் விகிதம் 14.5. எரிப்புக்கு, எந்தக் கோணத்தில் எவ்வளவு எரிபொருள் எரிந்திருக்கும் என்று சொல்லும் வீபே சூத்திரம். மூன்று எண்கள் போதும். எரிபொருளில் பாதி எரிந்து முடியும் கோணம் டிடிசிக்குப் பின் 8 டிகிரி. பத்து சதவீதத்திலிருந்து தொண்ணூறு சதவீதம் வரை எரியும் காலம் 25 டிகிரி. அடுக்கு 2. கீழ் வேகத்தில் முழுச் சுமையில் உண்மை எஞ்சின் நாக் ஆவதை (கலவை தானாகவே வெடித்து எரிவதை) தவிர்க்க ஸ்பார்க்கைப் பின்தள்ளும். அந்த 8 டிகிரி 15-ஐத் தாண்டிக்கூடப் போகலாம். மாடலுக்கு நாக் தெரியாது, நீங்கள் சொன்ன 8-ஐ எல்லா வேகத்திலும் நம்பிக்கொண்டு எரிக்கும்.

உராய்வுக்கு சென்-ஃப்ளின் சூத்திரம்: மாறிலி 0.4 பார், உச்ச அழுத்தத்துக்கு 0.005, சராசரி பிஸ்டன் வேகத்துக்கு 0.09, வேகத்தின் வர்க்கத்துக்கு 0.0009. 3000 ஆர்பிஎம்மில் சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு 8.6 மீட்டர். உச்ச அழுத்தம் 60 பார் என்றால் கூட்டிப் பாருங்கள்: 0.4, 0.3, 0.77, 0.07. மொத்தம் 1.54 பார்.

ஓட்டுவதற்கு முன்னால் 3000 ஆர்பிஎம்முக்கு டார்க்கைத் தாளில் எழுதிவிடுங்கள். விஇ 90 சதவீதம் என்றால் காற்று 0.526 கிராம். 14.5-ஆல் வகுத்தால் எரிபொருள் 0.0363 கிராம். கிலோவுக்கு 43.5 மெகா ஜூல் என்று எடுத்தால் 1578 ஜூல். அதில் 30 சதவீதம் கிராங்கில் கிடைக்கும் என்று வைத்தால் 473 ஜூல். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுழற்சி வேலையை 4 பையால், அதாவது 12.57-ஆல் வகுத்தால் நேராக டார்க் வந்துவிடும்: 37.6 நியூட்டன் மீட்டர். மென்பொருள் 34-இலிருந்து 42-க்குள் எதைச் சொன்னாலும் உட்கார்ந்து பேசலாம். 60 சொன்னால் எங்கோ யூனிட் மாறிப்போயிருக்கிறது. டார்க்கோடு எரிபொருள் செலவையும் பாருங்கள். 30 சதவீதம் என்பது கிலோவாட் மணிக்கு 276 கிராம். இப்படி ஓர் எளிய பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் 220-க்குக் கீழே காட்டினால் வெப்ப இழப்போ உராய்வோ அணைந்து கிடக்கிறது.

எங்கள் குழுவுக்கு வந்த ஒரு தம்பி, "அக்கா, டார்க் டெஸ்ட் பெட்டோட அப்படியே ஒட்டிக்கிச்சு" என்று மிகுந்த சந்தோஷத்தோடு கூப்பிட்டான். காற்று ஓட்டத்தைக் காட்டச் சொன்னேன். மாடல் அளவைவிடக் கணிசமாக அதிகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது; அந்த அதிகப்படியை உராய்வின் மாறிலி அமைதியாகத் தின்றுகொண்டிருந்தது. அந்த வேகத்தில் இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டின. ரன்னர் நீளத்தை மாற்றி என்ன ஆகும் என்று கேட்டால் அந்த மாடல் தைரியமாகத் தவறான பதில் சொல்லியிருக்கும். இருவரும் உட்கார்ந்து உராய்வைப் பழைய எண்ணுக்குத் திருப்பிவிட்டு வால்வுக் குணகத்திலிருந்து மறுபடி தொடங்கினோம்.

உங்களிடம் டெஸ்ட் பெட் அளவு இருந்தால் ஒப்பிடும் வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். முதலில் காற்று ஓட்டம், எல்லா வேகத்திலும், 2 சதவீதத்துக்குள். ஒத்துவராவிட்டால் வால்வுக் குணகம், நீளங்கள், இன்டேக் சுவர் சூடு. இரண்டாவது, போர்ட்டில் அளந்த அழுத்த அலை. அதன் ஏற்ற இறக்கம் எந்தக் கோணத்தில் விழுகிறது என்று பாருங்கள், உயரம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மூன்றாவது, சிலிண்டர் அழுத்தம். இங்கே வீபே எண்களையும் வோஷ்னியின் பெருக்கியையும் தொடலாம். நான்காவது, எக்ஸாஸ்ட் வெப்பநிலை. தெர்மோகப்பிள் காட்டுவதும் மாடல் காட்டும் நிறை சராசரியும் ஒன்றல்ல, சில பத்து டிகிரி வித்தியாசம் இயல்பு. டார்க் கடைசி. அந்த நான்கும் நின்ற பிறகும் டார்க் விலகினால் சென்-ஃப்ளினின் 0.4-ஐத் தொடுங்கள், அப்போதும் எல்லா வேகத்துக்கும் ஒரே எண்ணாக.